கூடுதல் பட்டை சரிசெய்யாதவை

பழைய ஜீப்போ அம்பாசடரோ பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு ஸ்பிரிங் பட்டையைச் சொருகினால் போதும் என்ற கருத்து தேவாரம், போடி வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. வண்டி தூக்கி நிற்கும், அடி தட்டாது, கூடுதல் சுமை தாங்கும், மலைக்கும் அதுவே பொருத்தம் என்று அதற்குக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. தேவாரத்துக்கு மேலே உள்ள சாக்குலூத்து மெட்டு வழியாக வண்டிச்சாலை வேண்டும் என்பது நெடுங்காலக் கோரிக்கை. அது இல்லாததால் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்புகள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் உடும்பன்சோலைப் பக்கம் ஏறுகின்றன. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பட்டையில் செய்யும் பிழைக்கு அங்கே விலை கொடுப்பவர்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்கள். ஆகவே இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது அவசியம்.

பட்டை கூட்டினால் உயரம் கூடும் என்பது முதல் காரணம். பட்டைக் கட்டுக்கு இரண்டு தனித்தனிக் குணங்கள் உண்டு. ஒன்று வளைவு, அதாவது சுமை இல்லாதபோது அது எவ்வளவு வில்லாக நிற்கிறது என்பது. மற்றது விறைப்பு, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. ஒரு பக்கத்துக்கு 300 கிலோ சுமை, ஐந்து சமப் பட்டைகள், விறைப்பு மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்று வைத்துக்கொண்டால் கட்டு 75 மி.மீ. அமுங்கும். அதே வளைவுள்ள ஆறாவது பட்டை சேர்ந்தால் விறைப்பு 4.8 கிலோவாகும், அமுக்கம் 62.5 மி.மீ. கிடைத்த உயரம் 12.5 மி.மீ., அதாவது அரை அங்குலம்தான். அதற்குக் கொடுத்த விலை 20 சதவீத விறைப்பு. பழைய பட்டைகளுக்கே இழந்த வளைவைத் திருப்பிக் கொடுத்தால் ஓர் அங்குலம் வேண்டுமானாலும் ஏற்றலாம். விறைப்பு அப்படியே இருக்கும். தடித்த பட்டையை மாற்றிப் போடுவது இன்னும் மோசம். விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், பட்டைகளின் தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

அடி தட்டாது என்பது பாதி உண்மை. பெட்ரோல் டேங்க், சைலன்சர், பின்படி ஆகியவை உயரும். ஆனால் ஜீப்பின் அடியில் மிகத் தாழ்வாக இருப்பது அச்சின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூடு. அது சக்கரத்தோடு இணைந்தது. பட்டையை என்ன செய்தாலும் ஒரு மயிரிழைகூட உயராது. அதை உயர்த்த விட்டம் கூடிய டயர்தான் வழி. தோட்டப் பாதையில் நடுத்திட்டுக் கல் இடிப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டைத்தான்.

கூடுதல் சுமை தாங்கும் என்பது ஆபத்தான நம்பிக்கை. பட்டை தாங்கலாம்; அச்சு, டயர், சேஸிஸ், பிரேக் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. வண்டி தாழாமல் நிற்பதால் சுமை மிகுந்திருப்பது ஓட்டுநர் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது. போடிமெட்டில் இறங்கும்போது அந்த எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிரேக்தான்.

மலைக்குப் பொருத்தம் என்ற வாதமும் நிற்காது. விறைத்த கட்டு கொண்ட வெற்று ஜீப், கல் பரவிய பாதையில் துள்ளும். சக்கரம் தரையை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் பிடிப்பு போகிறது. இதைவிடக் கவனிக்கப்படாதது முன்பக்கத்தில் நடக்கும் மாற்றம். அம்பாசடரின் முன்–பின் சக்கர இடைவெளி ஏறத்தாழ 2,460 மி.மீ. அதில் பின்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. தூக்கினால் வண்டி ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக முன்னே சாய்கிறது. ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திருப்பும் காஸ்டர் கோணம் அந்த அளவுக்குக் குறையும்; வளைவிலிருந்து வெளிவரும்போது ஸ்டியரிங் மந்தமாகத் திரும்பும், நேர்ச்சாலையில் வண்டி அலையும். முகப்பு விளக்கின் ஒளியும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 20 செ.மீ. கீழே விழும். விடியுமுன் மூடுபனியில் ஏறும் வண்டிக்கு இது சின்ன இழப்பு அல்ல.

பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற மாற்று யோசனையும் உண்டு. ஷாக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டும் நகர்த்துகிறது. அச்சு நடுவே இருப்பதால், ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி சுமார் ஓர் அங்குலம்தான் உயரும். கூடவே அச்சும் சற்றுச் சுழன்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் கோணம் கெட்டு அதிரும்.

பழைய இரும்பு தளர்ந்து மென்மையாகிவிட்டது என்பதும் தவறு. எஃகின் விறைப்பு வயதால் குறைவதில்லை. பட்டை நிரந்தரமாக நிமிர்ந்து வளைவைத்தான் இழக்கிறது. ஒரு பட்டை முறிந்திருந்தாலும், புஷ் தேய்ந்திருந்தாலும், சேஸிஸில் பட்டையைத் தாங்கும் கொக்கி வளைந்திருந்தாலும் வண்டி அதேபோல உட்காரும். அங்கெல்லாம் புதுப் பட்டை குறையை மறைக்குமே தவிர நீக்காது. உலையில் காய்ச்சி அடித்து வளைத்தால் ஆயிற்று என்பாரும் உண்டு. சிலிக்கான்–மாங்கனீசு எஃகை 850–900 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 450–500 டிகிரியில் பதப்படுத்தினால்தான் வில் குணம் வரும். தோய்க்காமல் காற்றில் ஆறவிட்டால் மறுபடி படுத்துவிடும். தோய்த்துப் பதப்படுத்தாமல் விட்டால் குழியில் விழுந்த அடியில் முறியும்.

சரியான வரிசை அளவிலிருந்து தொடங்குகிறது. சமதளத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, வெறும் வண்டியிலும் வழக்கமான சுமையிலும் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே இருபுறமும் அளக்க வேண்டும். அந்தச் சுமைக்கேற்ற விறைப்பை முதலில் முடிவுசெய்து, வேண்டிய உயரத்துக்கு வளைவைப் பிறகு வைக்க வேண்டும். வெற்று வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் வேறுபாடு மிகுதி என்றால், பதிவுச் சான்றில் உள்ள எடை வரம்புக்குள், லாரியில் உள்ளதுபோலச் சுமை ஏறிய பிறகே வேலைக்கு வரும் ஹெல்பர் பட்டை பொருத்தமானது. உயரம் மாறியிருந்தால் ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுகளை இருபுறமும் சேர்த்தே மாற்றி, வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கிள் போல்ட்டுகளை முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, அதே இடங்களில் மறுபடி அளந்து கொள்ள வேண்டும்.