எம்.சி.ஏ.வில் குறைந்த ஒரு வருடம்

நம் சங்க நிகழ்ச்சி ஒன்றில் நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்து வந்து, "பி.காம். முடிக்கப் போகிறாள் சார். எம்.சி.ஏ. சேர வேண்டும் என்கிறாள். நடக்கிற காரியமா?" என்று கேட்டார். அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். அன்று நான் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நடக்கிற காரியம்தான். எம்.சி.ஏ. படிப்பே பிற துறைப் பட்டதாரிகளை மனத்தில் வைத்து உருவானது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பரிந்துரைத்த அரசுக் குழுவின் தலைவர் பேராசிரியர் வி. ராஜாராமன், 1933-இல் ஈரோட்டில் பிறந்த தமிழர். அவர் முதலில் படித்தது இயற்பியல். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் டிப்ளமோ, அமெரிக்காவில் மின்பொறியியல். 1960களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேற்படிப்பைத் தொடங்கி வைத்தவர் அவர். அவருடைய டிப்ளமோ எங்கே, என்னுடையது எங்கே! ஆனாலும் அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முன்பு எம்.சி.ஏ. மூன்று வருடப் படிப்பு. புதிதாக வருகிறவர்கள் புரோகிராமிங் பழக முதல் வருடம் உதவியது. 2020-21 முதல் அது இரண்டு வருடமாகிவிட்டது. கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ் நடத்த வேண்டும் என்பது விதி. ஆனால் வணிகவியல் மாணவியும், மூன்று வருடம் பி.சி.ஏ. படித்தவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பரீட்சை எழுத வேண்டும்.

ரயில்வேயில் மீட்டர் கேஜ் வண்டியை பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஓட்ட முடியாது. சரக்கை இறக்கி, வேறு வண்டியில் ஏற்றுவோம். அதற்கு யார்டு வேண்டும், ஆள் வேண்டும், நேரமும் வேண்டும். பிரிட்ஜ் கோர்ஸ்தான் அந்த யார்டு. அது பெயரளவில் நடந்தால் சரக்கு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோர், கட்டடத்தையும் கான்டீனையும் பார்ப்பதோடு நிற்காமல், "பிரிட்ஜ் கோர்ஸ் எத்தனை நாள்? யார் நடத்துகிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும். மாணவர்கள் சேருவதற்கு முன்பே, குறைந்த அந்த ஒரு வருடத்தைத் தாங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். பிளஸ் டூ கணக்கைத் திரும்பப் போடட்டும். ஒரு கம்ப்யூட்டர் மொழியையாவது ஒழுங்காகப் பழகட்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம்.

இன்னொன்று. இங்கே மகாராஷ்டிரத்தில் பதினோராம் வகுப்பு காமர்ஸில் கணக்கு விருப்பப் பாடம். "கஷ்டமாக இருக்கிறது" என்று பதினாறு வயதில் விட்ட கணக்கு, இருபத்தொரு வயதில் வழிமறிக்கும். என்.ஐ.டி. எம்.சி.ஏ.வுக்கான நிம்செட் தேர்வில் பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் கணிதத்துக்கே. பிள்ளைகளைக் கணக்கை விட அனுமதிக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் ஹிஞ்சவாடிக்கு வேலைக்குப் போகிறான் என்பதற்காக மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம். விருப்பம் இருந்தால் தயங்கவும் வேண்டாம்.

அன்று அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன்: "பிளஸ் டூவில் கணக்கு எடுத்தாயா அம்மா?"

"எடுத்தேன், மாமா." அப்போதுதான் தலை நிமிர்ந்தாள்.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற எஞ்சினியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் குறைவில்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன? நான் தயார். இன்னும் யார் வருகிறீர்கள்?