ஒன்றும் செய்யாத கஷாயம்

சென்ற கார்த்திகையில் என் சித்திக்கு ஜுரம் வந்தது. பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் வீடு. எழுபதை நெருங்குகிற வயதிலும் தோப்புக்குப் போய்ப் பசுவுக்குப் புல்லறுத்து வருகிறவள். முதல் நாள் சுக்கும் மிளகும் கருப்பட்டியும். இரண்டாம் நாள் நிலவேம்பு. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு ஆச்சி கொண்டுவந்த ஏதோ பச்சிலைச் சாறு. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் கார் தேடினார்கள்.

"ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, மைனி?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரையாக் குடுத்து உடம்பைச் சூடாக்கிருவான்வ. கசாயம்னா ஒண்ணும் செய்யாதுல்லா, தம்பி?" என்றாள் மைனி.

ஒன்றும் செய்யாது! எவ்வளவு உண்மையான வார்த்தை! கெடுதல் செய்யாது என்கிற பொருளில் மைனி சொன்னாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆறு நாளும் கஷாயம் ஒன்றுமே செய்யவில்லை. என் குற்றச்சாட்டு அதுதான்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பெண், சேலைக் கட்டுக்குக் கீழே, இடுப்பில், பீடி நெருப்புச் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தாள். வலியில்லை, அரிப்பில்லை, ஆகவே சித்திக்கே தெரியாது. 'உண்ணிக் காய்ச்சல்' என்றாள் டாக்டர். பெயர்தான் உண்ணி. மாட்டின் காதில் தொங்குகிற உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது இது. ஜப்பானியர் அதற்கு 'சுட்சுகாமுஷி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் சண்டையிட்ட சிப்பாய்களை இந்த ஜுரம் பிடித்து ஆட்டியது. கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் ஜுரம் வரும். கவனிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. தேடாதவர்களுக்கு இருந்தாலும் தெரிவதில்லை.

இதற்கு மருந்து இல்லையா? 1948-லேயே கோலாலம்பூரில் குளோரோம்பெனிகால் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டிவிட்டார்கள். இப்போது டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. விலை சில ரூபாய். தக்க நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் ஜுரம் இறங்கிவிடும். முற்றிப்போன நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாயில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் உலகத்துக்குச் சொன்னது எந்த ஊர்? நம்முடைய வேலூர் தலைமையில் நடந்த ஆராய்ச்சிதான் அது. மருந்தும் அறிவும் வீட்டு வாசல்வரை வந்து நிற்கின்றன. நாம் உள்ளே நிலவேம்பு காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

"பாட்டி வைத்தியத்தைப் பழிக்கிறாயா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் பாட்டியைப் பழிக்கவில்லை. பாட்டியின் கையில் இருந்தது அது ஒன்றுதான்; இருந்ததைக் கொண்டு அவள் போராடினாள். பாதி ஜுரங்கள் தாமாகவே இறங்குகிறவை. அவற்றின் புகழையெல்லாம் கஷாயம் தட்டிக்கொண்டது. இறங்காத ஜுரத்தில் போன குழந்தைகளின் கணக்கை யாரும் கஷாயத்தின் பேரில் எழுதவில்லை. விதியின் பேரில் எழுதினார்கள். வருகிற ஜுரம் எந்த ஜுரம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. கஷாயத்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவனோடு எனக்கு வழக்கில்லை. குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவனோடுதான் வழக்கு.

இந்த வழக்கில் இன்னொரு பிரதிவாதியும் உண்டு: கஷாயம் என்ற சொல்லைக் கேட்டதுமே சீறி விழுகிற டாக்டர். சித்தியை ஒருவர் அப்படித் திட்டினார். விளைவு என்ன? அதற்குப் பிறகு சித்தி எதையும் வாயால் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தபின், மீதி நாட்களுக்கான டாக்ஸிசைக்ளினைப் பாலோடு விழுங்கினாள். சோகைக்கென்று வாங்கி வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரையையும் கூடவே போட்டுக்கொண்டாள். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும், அதைவிட அதிகமாக இரும்பும், இந்த மருந்தைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். "வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று அன்பாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும்.

ஜுரம் போய் மூன்று மாதம் வரை சித்திக்குக் களைப்புப் போகவில்லை. "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சீட்டில் எழுதியிருந்தது. கால்கள் அந்தச் சீட்டைப் படிக்கவில்லை. உளுந்தங்கஞ்சி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை என்று அவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதை நான் மனமார வரவேற்கிறேன். அது ஆகாரம், ஆகாரம் செய்கிற வேலையை அது செய்தது.

இந்தச் சண்டை நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் உண்மையான உண்ணி கடித்து 'லைம்' என்றொரு நோய் வருகிறது. கனெக்டிகட் மாகாணத்து ஊர் ஒன்றின் பெயர் அது. அதன் கிருமியை 1982-இல் அடையாளம் கண்டார்கள். மருந்து முடிந்த பிறகும் சிலருக்குக் களைப்பும் வலியும் நீடிக்கின்றன. மாதக்கணக்கில் மருந்தை நீட்டினால் குணமாகுமா என்று சோதித்து 2001-லும் 2016-லும் முடிவுகளை வெளியிட்டார்கள்: கூடுதல் பலன் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு பக்கம் மருந்தை நீட்டுகிறவர்கள், மறு பக்கம் மூலிகைச் சாறு விற்கிறவர்கள். நடுவே, தன் களைப்பை யாரும் நம்பவில்லையே என்று வருந்துகிற நோயாளி. படித்த தேசம், பணக்கார தேசம். ஆனாலும் என் சித்தியின் கதைதான்.

ஆகவே மருந்தை மருந்தென்றும், ஆகாரத்தை ஆகாரமென்றும் சொல்லிப் பழகுவோம். மூன்று நாள் தாண்டிய ஜுரத்துக்கு அடுப்பு பதில் சொல்லாது. ஆஸ்பத்திரிக்குப் போய், குடித்த கஷாயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்கி யாரும் சாவதில்லை. கஷாயம் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள், தயவுசெய்து அந்த வாக்கியத்தை முழுமையாக நம்பட்டும்.