பூனை விழுந்த அன்றே வேலி போட்டிருக்க வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் நானா கட்டாரிலிருந்து வந்து வீடு கட்டியபோது, பிள்ளைகளின் ஆசைக்காக வளவுக்குள் சின்னதாக ஒரு நீச்சல் தடாகமும் கட்டினார். குடிபுகுந்த கிழமையே அவர்களுடைய பூனை அதற்குள் விழுந்தது. நீந்தியது, ஏற முடியவில்லை. டைல்ஸில் நகம் பிடிக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போன நேரம் மருமகன் வாளியை விட்டுத் தூக்கினான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று அதே தண்ணீருக்குள் என் மகள் விழுந்தாள். வயது இரண்டரை. வீட்டில் பெரியவர்கள் மட்டும் 14 பேர் இருந்தோம். ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சுக்கே வழியில்லாதபோது எப்படிக் கத்தும்? மச்சி சஹன் கழுவப் பின்பக்கம் போனதால் கண்டார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இருமி, வாந்தி எடுத்து, அழுதாள். ஒரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம்.

பிறகு வந்த பேச்சு இரண்டு வகை. "தாய் கவனமா இருந்திருக்கணும்." "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்." முதலாவதைக் கேட்டு நான் பல இரவு அழுதேன். இரண்டாவதை நானும் நம்புகிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாங்கள் ஒட்டகத்தைக் கட்டவேயில்லை.

பாடசாலைச் சுற்றுலா போனால் 40 பிள்ளைகளை ஆளுக்குப் பத்தாகப் பெயர் குறித்துப் பிரித்துக்கொள்வோம். பஸ்ஸில் ஏற ஒரு எண்ணிக்கை, இறங்க ஒரு எண்ணிக்கை. பெருநாள் வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. 14 பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்தோம். அதனால் சொல்கிறேன்: கண் தவறும், தாயின் கண்ணும் தவறும். கண் தவறும் நேரத்தில் பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும்.

வேலி போட்டால் வீட்டின் அழகு கெடும் என்றார் நானா. இப்போது போட்டுவிட்டார். நான்கு பக்கமும், 4 அடிக்கு மேல் உயரம். வீட்டுச் சுவரை ஒரு பக்க வேலியாகக் கணக்கெடுக்கக் கூடாது, சமையலறைக் கதவால் பிள்ளை நேரே தண்ணீருக்குப் போகும். கம்பிகள் நெடுக்காக, 4 அங்குலத்துக்குக் குறைந்த இடைவெளியில். குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணி. கேட் தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கதிரை, பூச்சாடி வைக்கக் கூடாது. குளித்து முடிந்ததும் பந்து, பொம்மைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிள்ளை அதைத் தேடித்தான் போகும்.

தறப்பாள் விரித்து மூடுவது காப்பு அல்ல. பிள்ளையோ பூனையோ கால் வைத்தால் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடும், மேலே இருந்து பார்த்தாலும் தெரியாது. பூனைக்காக, சாக்குச் சுற்றிய பலகை ஒன்றைச் சரிவாகத் தண்ணீருக்குள் இறக்கிக் கட்டியிருக்கிறோம். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை வகுப்பில் படிப்பிக்கிறோம். வாயில்லாச் சீவன் ஏறி வர ஒரு பலகை வைப்பது பெரிய வேலையா?

"எங்கட வீட்டில பூல் இல்லையே டீச்சர்" என்பீர்கள். கட்டுக் குறைந்த கிணறு இருக்கிறதா? மூடியில்லாத தொட்டி? வீடு கட்ட வெட்டி மழைத் தண்ணீர் நிற்கும் கிடங்கு? குளியலறையில் நிரம்பிய வாளி? சின்னப் பிள்ளைக்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். லீவுக்குப் பூல் உள்ள வீடு வாடகைக்கு எடுக்கிறவர்களும் வேலி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஒருவரைப் பெயர் சொல்லிக் காவலுக்கு வையுங்கள், கையில் போன் இல்லாமல்.

விழுந்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி ஆட்டாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லையென்றால் உடனே வாயால் மூச்சுக் கொடுத்து நெஞ்சை அமுக்க வேண்டும். ஒருவர் அதைச் செய்ய, மற்றவர் 1990 சுவசெரியவுக்கு அழைக்க வேண்டும். ஊர்ப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் இந்த முதலுதவியை ஒரு நாள் வைத்துப் பழக்கினால் எவ்வளவு நல்லது.

இன்று அஸருக்குப் பிறகு வளவை ஒரு தடவை சுற்றி வாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். எங்களுக்குப் பூனை முதலே சொல்லித் தந்தது. நாங்கள் சிரித்துவிட்டோம்.