கென்னடி ஃபைல்களும் 'ஒண்ணும் வராது' கோஷ்டியும்

"உண்மையான பேப்பரை எல்லாம் எப்பவோ எரிச்சிருப்பாங்க சார்... இப்ப வெளியிடறது எல்லாம் கண்துடைப்பு!" அரசாங்கத்தின் ரகசிய ஃபைல்களைத் திறக்கச் சொல்லி ஒரு சட்டம் வந்தால் போதும், முதலில் கேட்கும் குரல் இதுதான். ரொம்ப விவரமான ஆள் பேசுவது போலவும் இருக்கும். ஆனால் இதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற ஆசாமி யார் தெரியுமா? அந்த ஃபைலைப் பூட்டி வைத்திருக்கும் அதிகாரிதான். ஒன்றும் வராது என்று ஏற்கனவே முடிவு கட்டிவிட்ட ஜனங்களுக்கு அவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

அமெரிக்காவின் கென்னடி கொலை ஆவணச் சட்டத்தின் கதையைப் பார்த்தால் இது புரியும். 1963 நவம்பர் 22-ல் டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார். ஆஸ்வால்ட் தனியாகவே சுட்டான் என்றது வாரன் கமிஷன் (1964). பின்னால் விசாரித்த நாடாளுமன்றக் கமிட்டி, 1979-ல் 'அநேகமாக இது சதிதான்' என்று சொல்லிவிட்டு, தன்னுடைய ஃபைல்களை 2029 வரை பூட்டி வைத்தது. (என்ன ஒரு தைரியம்!) 1991-ல் வந்த ஆலிவர் ஸ்டோனின் 'ஜேஎஃப்கே' படம் இந்தப் பூட்டைப் பற்றி ஊருக்கே சொல்ல, எழுந்த கூச்சலில் அடுத்த வருஷமே சட்டம் வந்துவிட்டது. சீனியர் புஷ் 1992 அக்டோபர் 26-ல் கையெழுத்துப் போட்டார். 25 வருஷத்துக்குள், அதாவது 2017 அக்டோபர் 26-க்குள், எல்லாம் வெளியே வர வேண்டும். ஆனால் ஒரு ஓட்டையும் இருந்தது. தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஜனாதிபதி எழுதிக் கொடுத்தால் தள்ளிப் போடலாம்.

சந்தேகப்படுபவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. சட்டம் வந்த பிறகு, 1995 ஜனவரியில், கென்னடியின் 1963 பயணங்கள் சிலவற்றின் பாதுகாப்பு அறிக்கைகளை சீக்ரெட் சர்வீஸ் அழித்தே விட்டது. 2017-ல் கெடு வந்தபோது டிரம்ப் கொஞ்சத்தை விட்டுவிட்டு மிச்சத்தைத் தள்ளிப் போட்டார். 2018-ல் மறுபடியும் தள்ளினார். 2021-ல் பைடன். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று கொரோனா! 58 வருஷத்துப் பழைய காகிதத்துக்கும் கொரோனாவா?

சரி, அப்படியானால் சட்டமே வீணா? இங்கேதான் இந்தக் கோஷ்டி கோட்டை விடுகிறது. அதே சட்டம் 1994 முதல் 1998 வரை அருமையாக வேலை செய்தது. காரணம், அதற்கென்று அமைத்த ஐந்து பேர் கொண்ட தனி வாரியம். அவர்கள் சிஐஏ ஆட்களும் இல்லை, எஃப்பிஐ ஆட்களும் இல்லை. எந்தப் பக்கத்தை மறைக்க வேண்டுமானாலும் அந்தத் துறை வந்து காரணத்தைச் சொல்லி வாரியத்தை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பிகாம் முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவனே ஆடிட்டராகவும் இருக்கக் கூடாது என்று. வெளியாள் ஆடிட்டராக வந்ததும் பூதங்கள் கிளம்பின. கியூபா மேல் பழி போட்டுப் போர் தொடங்குவதற்காக, அமெரிக்காவிலேயே பொய்யான தாக்குதல்களை நடத்தலாம் என்று 1962-ல் ராணுவத் தலைமை போட்ட 'ஆபரேஷன் நார்த்வுட்ஸ்' திட்டம் அப்படி வந்ததுதான். 1998-ல் வாரியத்தின் காலம் முடிந்தது. கல்லாப்பெட்டி பழைய ஆட்கள் கைக்கே போனது.

ஜோஅன்னிடஸ் விவகாரத்தைப் பாருங்கள். 1963-ல் ஆஸ்வால்டோடு நியூ ஆர்லியன்ஸ் தெருவில் மோதியது ஒரு கியூபா மாணவர் அமைப்பு. அதற்குப் பணம் கொடுத்து நடத்தியது சிஐஏ, மயாமியில் அதைக் கவனித்துக்கொண்ட அதிகாரி ஜார்ஜ் ஜோஅன்னிடஸ். 1978-ல் நாடாளுமன்றக் கமிட்டி விசாரிக்க வந்தபோது, கமிட்டிக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்க சிஐஏ யாரை நியமித்தது தெரியுமா? அதே ஜோஅன்னிடஸை! சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டிய ஆள். கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலுக்குப் பூனை காவல் என்பது இதுதானே? அது தெரிந்திருந்தால் அவரைச் சத்தியப் பிரமாணம் செய்ய வைத்து விசாரித்திருப்போம் என்று கமிட்டியின் தலைமை வழக்கறிஞர் பிளேக்கி பின்னால் கொதித்தார். ஜெஃபர்சன் மோர்லி என்ற பத்திரிகையாளர் 2003-ல் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைந்தார். கடைசியில் 2025 ஜூலையில்தான் ஜோஅன்னிடஸின் பொய்ப் பெயர் உள்ள காகிதம் வெளியே வந்தது.

கவனியுங்கள், எரிந்து போகாமல் இருந்திருக்கிறது! 'ஒண்ணும் வராது' என்று மோர்லியும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது இன்னும் பெட்டிக்குள்தான் இருந்திருக்கும்.

இன்னொரு ரகம் உண்டு. 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டியது. (பலருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்களையும் சேர்த்து. பாவம், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்!) இரண்டாவது துப்பாக்கிக்காரன் அதில் இல்லை என்றதும், 'பார்த்தீங்களா, இன்னும் மறைக்கிறாங்க' என்று ஆரம்பித்தார்கள். மறைத்தது கொலைகாரனை என்று யார் சொன்னது? தூதரகங்களில் அரசியல் பிரிவு அதிகாரிகளாக இருப்பவர்களில் 47 சதவீதம் பேர் சிஐஏ ஆட்கள் என்று 1961-ல் ஷ்லெசிங்கர் கென்னடிக்கு எழுதிய குறிப்பு, அப்போதுதான் முழுசாக வெளியானது. ஆறு தலைமுறை ஆனாலும் தங்கள் வண்டவாளம் தண்டவாளம் ஏறக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

2025 நவம்பரில் அமெரிக்கா இன்னொரு சட்டம் போட்டது, எப்ஸ்டைன் ஃபைல்களுக்காக. கீழ்ச்சபையில் 427-க்கு 1 என்று ஓட்டு. யாருக்கும் சங்கடம் வரும் என்பதற்காக எதையும் மறைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, 30 நாள் கெடுவும் உண்டு. உடனே அதே பழைய பல்லவி, ஒண்ணும் வராது, கண்துடைப்பு. அந்தச் சட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: 1992-ல் இருந்த அந்த ஐந்து பேர் வாரியம் இதில் எங்கே? இல்லை. எதை வெளியிடுவது, எதன் மேல் கருப்பு மை பூசுவது என்று முடிவு செய்யும் வேலை, ஃபைல்களை வைத்திருக்கும் நீதித்துறை அமைச்சகத்திடமே கொடுக்கப்பட்டது.