மேல் பாதியை வெட்டியவர்கள்

அந்த இரண்டு குட்டிச் சம்மனசுகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கொழுகொழு கன்னம், குட்டி இறக்கை. ஒன்று கன்னத்தில் கை வைத்தபடி, இன்னொன்று கை கட்டியபடி, இரண்டும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். காபி கோப்பை, வாழ்த்து அட்டை, டி-ஷர்ட் என்று எதில்தான் இல்லை? 1995-ல் அமெரிக்கத் தபால் துறை ஸ்டாம்பிலேயே போட்டுவிட்டது.

சரி, மேலே எதைப் பார்க்கின்றன?

அதை யாரும் கேட்பதில்லை. 1512 வாக்கில் ரஃபேல் வரைந்த பெரிய ஓவியம் ஒன்றின் அடிவிளிம்பு அது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் இருக்கிறது. நடுவில், குழந்தை இயேசுவை ஏந்தியபடி மாதா நிற்கிறார். நம் வியாபாரிகள் தாயையும் பிள்ளையையும் வெட்டிப் போட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த இறக்கைக் குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

படத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்தியிலும் இதே வெட்டுதான் நடக்கிறது.

2023-ல் அமெரிக்காவில் ஏ.பி. செய்தி நிறுவனமும் நார்க் ஆய்வு மையமும் எடுத்த கணிப்பில், 69 சதவிகிதம் பேர் வானதூதர்களை நம்புவதாகச் சொன்னார்கள். 2019-ல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் வேறொரு கேள்வி கேட்டது. பூசையில் அப்பமும் ரசமும் நிஜமாகவே கிறிஸ்துவின் உடலும் ரத்தமுமாக மாறுகின்றனவா? ஆமாம் என்றவர்கள் 31 சதவிகிதம்தான். முதல் கணக்கு எல்லா மதத்தாரையும் சேர்த்து எடுத்தது. இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதா, இல்லையா?

'வானதூதர் உண்டு என்று திருச்சபையே சொல்கிறதே!' என்பீர்கள். சொல்கிறது. மறுக்கவே இல்லை. ஆனால் அதே திருச்சபை சொல்லும் மற்றதையும் கேட்கணுமில்லையா? தூதர் என்பது ஆளின் பெயரல்ல, அவர் பார்க்கும் வேலையின் பெயர் என்று அகுஸ்தினார் அன்றே சொல்லிவிட்டார். உங்கள் காவல் தூதருக்கு நீங்களாக ஒரு பெயர் சூட்டாதீர்கள், பைபிளில் உள்ள மிக்கேல், கபிரியேல், இரபேல் போதும் என்று 2001-ல் வத்திக்கான் வழிகாட்டி ஏடு போட்டது. புதுச் சண்டையும் இல்லை. கண்ட பெயர்களைச் சொல்லித் தூதர்களைக் கூப்பிட்ட ஒருவரை 745-லேயே ரோமில் கூடிய சங்கம் கண்டித்திருக்கிறது.

இன்றைக்கு என்ன நடக்கிறது? ஏஞ்சல் சீட்டுக்கட்டைக் குலுக்கி வேலை கிடைக்குமா, காதல் கைகூடுமா என்று பார்க்கிறார்கள். பாலைவனத்தில் இயேசுவிடம் சாத்தான் என்ன சொன்னான், ஞாபகமிருக்கிறதா? கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். ஏஞ்சலை இலவசப் பாதுகாப்புத் திட்டமாக விற்க முயன்ற முதல் ஆள் அவன்தான்! இயேசு வாங்கவில்லை. கெத்சமனியில் ஒரு தூதர் வந்தார் என்கிறார் லூக்கா. தைரியம் கொடுத்தார். சிலுவையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

கேள்வியே கேட்காத, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொல்லாத, பக்கத்து வீட்டுக்காரனை மன்னிக்கச் சொல்லாத ஏஞ்சல்தான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. தபால்காரருக்கு மாலை போட்டுவிட்டு, கடிதத்தைப் பிரிக்காமல் பரணில் போடுகிற மாதிரி.

இதில் என்ன நஷ்டம், ஆறுதல்தானே என்று கேட்கலாம். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், 'கடவுளுக்கு இன்னொரு ஏஞ்சல் தேவைப்பட்டது' என்று சொல்கிறார்களே, அங்கேதான் நஷ்டம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் செத்தவர்கள் சம்மனசாக மாறுவதாகக் கத்தோலிக்கம் எங்கேயும் சொல்லவில்லை. அது சொல்வது அதைவிடப் பெரிய விஷயம். உடல் உயிர்க்கும். அந்தப் பிள்ளை, அதே பிள்ளையாகவே எழும். அந்தத் தாய்க்கு இறக்கை முளைத்த யாரோ வேண்டாம், அவள் பிள்ளைதான் வேண்டும். இருப்பதிலேயே பெரிய நம்பிக்கையை மறைத்துவிட்டு, அட்டைப்படத்தைக் கையில் கொடுப்பது என்ன ஆறுதல்?

அடுத்த தடவை அந்த இரண்டு குழந்தைகளையும் எங்காவது பார்த்தால், ஒரு காரியம் செய்யுங்கள். அவற்றைப் பார்க்காதீர்கள். அவை பார்க்கும் பக்கம் பாருங்கள்.