விடை சரி, வழி தப்பு

தில்லியில் குளிர் ஆரம்பித்தால் நம்மூர்க்காரர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று, தேங்காய் எண்ணெய் உறைந்துபோவது. இன்னொன்று, இந்த வருஷம் பள்ளிக்கூடம் எத்தனை நாள் மொபைலுக்குள் நடக்கும் என்பது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வந்த ஆன்லைன் வகுப்பு கொரோனாவோடு போய்விடவில்லை. 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. முதலில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை மட்டும் விட்டுவைத்தார்கள். அன்றைக்கே உச்ச நீதிமன்றம் சொல்ல, அவர்களும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சரித்திரமாவது காதால் கேட்டாலும் கொஞ்சம் ஏறும். கணக்கு அப்படி இல்லையே! அது கை வழியாகத்தான் ஏறும்.

ஆன்லைன் வகுப்பு என்றாலே "குழந்தை கேமராவை ஆன் பண்ணியிருக்கா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். முகத்தைப் பார்த்து என்ன செய்ய? கணக்கு ஆசிரியர் பார்க்க வேண்டியது நோட்டை. வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே அவர் பார்ப்பது அதைத்தான். ஆன்லைனில் அந்த நடை போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது, கூகுள் ஃபார்மில் நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டுவது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்கிறீர்களா? 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். ஒரு பையன் மேலே இருக்கும் 6, கீழே இருக்கும் 6 இரண்டையும் அடித்துவிட்டு 1/4 என்கிறான். விடை சரி! ஃபார்ம் பச்சை டிக் போட்டுவிடும். அதே பையன் 26/62க்கும் இதையே செய்வான். 2/2, அதாவது ஒன்று என்பான். சரியான விடை 13/31. முதல் நாள் நோட்டைப் பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். ஒரு கணக்கில் பற்று 500 ரூபாய் கூடி, இன்னொன்றில் 500 குறைந்திருந்தாலும் டேலி ஆகும். ஈடுசெய் பிழை என்று பெயர். அதனால்தான் வங்கியில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்த்து பாஸ் செய்கிறோம். மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆபீசரின் கதி ஆடிட்டின்போது தெரியும் :-)

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 80 மதிப்பெண்ணுக்கு 20 மட்டும்தான் விடையைத் தேர்ந்தெடுப்பது. மீதி 60க்குப் படிப்படியாக எழுத வேண்டும். தட்டிப் பழகிய பிள்ளை அங்கே என்ன செய்யும்?

சல்மான் கான் (நடிகர் இல்லை, கான் அகாடமிக்காரர்) 2004ல் பாஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸில் இருந்த சித்தப்பா-மாமா வகையறாத் தங்கை நாடியாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். ஃபோனில் பேச்சு, யாஹூ டூடுலில் எழுத்து. அவள் எழுதுவதும் அவருக்குத் தெரியும். பிறகு வந்த வீடியோக்களில் அவர் முகம் வருவதில்லை, கையெழுத்து மட்டும்தான். உலகம் வீடியோவைப் பிடித்துக்கொண்டது; ஆரம்பத்தில் இருந்த இருவழிப் பலகையை மறந்துவிட்டது. நம் அரசாங்கத்தின் பிஎம் இ-வித்யாவும், 2019ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் நல்ல முயற்சிகள்தான், ஆனால் டி.வி.க்கு நோட்டு தெரியாது.

ஆசிரியர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய செலவு வைப்பது இல்லை. ஸ்லைடு வேண்டாம், கையால் எழுதுங்கள். எழுதும் வேகம்தான் பிள்ளை புரிந்துகொள்ளும் வேகம். நான்கு தடிப் புத்தகத்தை அடுக்கி, விளிம்பில் மொபைலைக் கவிழ்த்து வைத்தால் கேமரா பேப்பரைப் பார்க்கும். கேள்வி போட்டால் விடை எல்லோருக்கும் தெரியாமல் ஆசிரியருக்கு மட்டும் வரட்டும், இல்லாவிட்டால் முதலில் போட்டவன் விடையைத்தான் நாற்பது பேரும் போடுவார்கள். நாற்பது நோட்டை யார் திருத்துவது என்பது நியாயமான கேள்வி. தினம் ஐந்து பேர் நோட்டை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்லட்டும். எந்த ஐந்து என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். எட்டு வகுப்பில் ஒரு சுற்று முடியும். அதில் ஒரு தப்பான வழியைப் பெயர் சொல்லாமல் மறுநாள் பலகையில் போட்டால் அதுவே பாடம்.

வீட்டில் ஒரே மொபைல், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால் நேரலை வகுப்பே கிடையாது. ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டு நரேலாவுக்கு மாற்றப்பட்ட நம்மவர்களை நினைக்கும்போது இதுதான் முதலில் தோன்றுகிறது. ராத்திரி அப்பா வந்தபிறகு அனுப்பும் நோட்டுப் படம் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும்.

நம் பங்குக்கு, கேமராவுக்குப் பின்னால் நின்று "முப்பத்தாறுடா" என்று கிசுகிசுக்காமல் இருக்கலாம். நாம் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்தது அவர்களுக்கு எச்.சி.எஃப். என்பதால் ஒதுங்கவும் வேண்டாம். "இந்த வரி எப்படி வந்தது, தமிழ்ல சொல்லு" என்று கேட்க எந்த சிலபஸும் தெரிய வேண்டியதில்லை.

புகைக்காலத்துக்கு முன்னால் வரும் பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: ஆன்லைன் நாட்களில் நோட்டை யார் பார்ப்பீர்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை?