மறைத்து வைத்த கணக்கு யாருடைய குற்றம்?

சென்ற மாதம் புதுக்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, நண்பரொருவர் தம் துப்பறியும் திறமையைப் பெருமையோடு விவரித்தார். அவரும் தமிழ் கற்பிப்பவர்தான். வீட்டில் அனைவருக்கும் பொதுவாக ஒரு கணினி. அதில், கல்லூரியில் படிக்கும் அவர் மகள் தனக்கென ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, நுழைவுத் திரையில் பெயர் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தாளாம். பழுதுபார்க்க வந்த இளைஞர் அதைக் கண்டு சொல்ல, இவர் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே புகுந்திருக்கிறார். "ஒன்றுமில்லை சார், கவிதை, டைரி, அந்த மாதிரிதான். எதற்கு வம்பு என்று கோப்புகளோடு சேர்த்து அழித்துவிட்டேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

'தப்பில்லை என்றால் எதற்காக மறைக்க வேண்டும்?' என்பது நண்பரின் வாதம். இதே நண்பர்தான் வகுப்பறையில் அகத்திணை நடத்துகிறார். அகப்பாடலில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய விதியை மணிக்கணக்கில் சிலாகிக்கிறார். பெயரை மறைப்பதையே இலக்கணமாக வகுத்த மரபைப் போற்றுகிறவருக்கு, பெயர் மறைத்த மகள் மட்டும் குற்றவாளியாகத் தெரிகிறாள்.

தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டாம். நம் பொன்னமராவதியிலிருந்து அதிகத் தூரமில்லை, திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சி. கவிஞர் சல்மா அங்கேதான் இரவுகளில் கழிவறைக்குள் ஒளிந்து எழுதினார். எழுதிய தாள்கள் தாயின் கைவழியாக ரகசியமாக வெளியே போயின. புனைபெயர் அவருக்கு அலங்காரமல்ல, பாதுகாப்பு. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் நூலாக வந்தபோது நாம் கொண்டாடினோம். அந்தத் தாள்களை யாரேனும் 'எதற்கு வம்பு' என்று அடுப்பில் போட்டிருந்தால்? நம் நண்பர் செய்திருப்பது வேறென்ன?

நுட்பத்தையும் சற்றுப் பார்ப்போம். விண்டோஸின் பதிவேட்டில் ஒரு கணக்கின் பெயரைச் சேர்த்து, அதன் மதிப்பைச் சுழியமாக வைத்தால் நுழைவுத் திரையில் அந்தப் பெயர் தோன்றாது. அவ்வளவுதான். கணக்கு அங்கேயே இருக்கும். அதன் கோப்புறை 'யூசர்ஸ்' என்ற அடைவில் கிடக்கும். கட்டளைச் சாளரத்தில் 'நெட் யூசர்' என்று தட்டினால் பெயர் வந்து நிற்கும். நிர்வாகி அதிகாரம் கையிலுள்ள எவரும் உள்ளே போகலாம். மறைத்தது பூட்டியதாகாது. கதவில்லாத அறைக்குத் திரைச்சீலை தொங்கவிட்டதைப் போன்றது அது. அந்தப் பெண் திரைச்சீலையைத் தேடிப் போனதற்குக் காரணம், வீட்டில் அவளுக்குக் கதவு தரப்படவில்லை என்பதே.

'இணையத்தில் எத்தனை ஏமாற்றுக்காரர்கள்! பெற்றவன் பார்க்காமல் யார் பார்ப்பது?' என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். பத்து வயதுக் குழந்தைக்கு நேர வரம்போடு தனிக் கணக்கு அமையுங்கள்; கண்காணிப்பதை அதனிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வாக்குரிமை பெற்ற மகளின் கதை வேறு. விடுதியில் குறித்த நேரத்தில் கைபேசியை ஒப்படைக்க மறுத்ததால் வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், இணைய அணுக்கம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு மட்டும் வேறு நீதியா? தவிர, நாளை எவனோ ஒருவன் படத்தைக் காட்டி மிரட்டினால், தன் டைரியை அழித்த அப்பாவிடமா அவள் ஓடி வருவாள்?

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் கற்றார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணைநின்றார். ஏளனம் பேசியவர்களும் இருந்தார்கள். எழுத்தறிவோடு சைக்கிள் ஏன் சேர்ந்தது? துணைக்கு ஆளில்லாமல் போய்வருவதும் அறிவின் பகுதி என்பதால். 2011இல் தொடங்கி அரசு தந்த விலையில்லா மடிக்கணினியும் மாணவியின் பெயரில்தான் வந்தது. வீட்டு வாசலைத் தாண்டியதும் அது குடும்பச் சொத்தாகி, ஒரே நிர்வாகிக் கணக்கில் எல்லோரும் புழங்கிய வீடுகளை நான் அறிவேன். சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கையில் நாமே ஏறிக்கொண்டோம்.

செய்ய வேண்டியது எளிது. வீட்டில் ஒவ்வொருவருக்கும், அம்மாவுக்கும் சேர்த்து, அவரவர் பெயரிலேயே கணக்கு. அவரவருக்குத் தனிக் கடவுச்சொல். நிர்வாகிக் கணக்கு மென்பொருள் நிறுவுவதற்கு மட்டும். பெயர் வெளிப்படையாக இருக்கட்டும், உள்ளிருப்பது அவரவருக்கு.

நண்பரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று அறிவேன். கோபமும் வரும். வரட்டும். நீங்கள் அழித்தவை திரும்பாது. இன்று இரவே மகளின் பெயரில் ஒரு கணக்கை உருவாக்கி, கடவுச்சொல்லை அவளே இடும்வரை எழுந்து வேறு அறைக்குப் போயிருங்கள். மன்னிப்பையும் கேளுங்கள். அவள் மறுபடி எழுதுவாளா என்பது அவள் விருப்பம்.